வயிறு தெரிவதற்கு முந்தைய மாதங்கள்: கர்நாடகத் தொழிலாளர் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவின் தெற்கு ஓரத்தில் ஒரு பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இதையே கன்னடத்தில் மனுவாகவும் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனேக்கல் பக்கத்து பாலிஹவுஸ்களில், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட குடில்களில், ரோஜா வெட்டுகிற பெண்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

அந்தப் பெண்களை எங்கள் வார்டில் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை முள் கீறிய கோடுகள், ஆறியதன் மேலேயே புதியது. முந்தின நாள் சாயங்காலம் இலைப்பேனுக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து அடித்த செடிகளுக்குள் விடிகாலையில் கையை விடுகிறார்கள். இலை ஈரமாகவே இருக்கும். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மருந்து நெடி லேசில் போகாது. நனைந்த துணி வழியாகவும் கீறல் வழியாகவும் அது உடம்புக்குள் போகிறது. அப்புறம் அதே துணியோடு வீட்டுக்குப் போய் மூத்த குழந்தையைத் தூக்குகிறார்கள்.

"மாசமா இருக்கேன்னு இப்பவே சொன்னா, நாளையிலேருந்து வராதேம்பாங்க சிஸ்டர். வயிறு தெரியிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள் ஒரு பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வயிறு தெரியாத அந்த மாதங்களில்தான் எல்லாமே நடக்கிறது. கரு உண்டாகி நாலாவது வாரத்திலேயே மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகிற குழாய் மூடிக்கொள்கிறது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் முக்கிய உறுப்புகள் உருவாகிவிடும். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், கடின வேலை வேண்டாம் என்று கேட்கும் உரிமையைப் பிரசவத்துக்கு முந்தைய சில வாரங்களுக்குத்தான் கொடுத்தது. பூச்சிமருந்து என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை.

டென்மார்க்கில் பசுமைக்குடில்களில் வேலை செய்த பெண்களின் குழந்தைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே கர்ப்பம் என்று தெரிந்ததுமே மருந்து படாத வேலைக்கு மாற்றிவிடுவார்கள், அல்லது விடுப்பு கொடுப்பார்கள். அப்படியும், தெரிவதற்கு முந்தைய வாரங்களில் மருந்து பட்டவர்களின் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தன. ஆண் குழந்தைகளில் விதை விதைப்பைக்குள் இறங்காத குறை அதிகம் இருந்தது.

அதனால், கர்ப்பிணிக்கு அதே கூலியில் வேறு வேலை கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. அது கட்டாயம் வேண்டும். சொன்ன அன்றே வேண்டும். ஆனால் தனக்கே தெரியாத வாரங்களில் ஒருத்தியைக் காப்பாற்ற, அங்கே வேலை செய்கிற எல்லோரையும் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை. மருந்து அடித்தபின் குறித்த நேரம் கழியாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. என்ன மருந்து, எப்போது அடித்தது என்று கன்னடத்திலும் தமிழிலும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். முழங்கை வரை கையுறையை முதலாளிதான் வாங்கித் தர வேண்டும்.

நரம்பைத் தாக்கிப் பூச்சியைக் கொல்கிற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளைக் கையாள்பவர்களுக்கு மாதாமாதம் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (இந்த மருந்து பட்டால் குறைகிற ஒரு நொதி) அளவு பார்க்கச் சொல்கின்றன 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள். நான் கேட்டுப்பார்த்த பெண்கள் யாரும் அப்படி ஒரு பரிசோதனையைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. பூ வெட்டுபவர்களையும் அதில் சேருங்கள்.

காதலர் தின ஏற்றுமதிக்காக ஜனவரி கடைசியில் வெட்டு மும்முரமாகிவிடும். அதற்கு முன்பே ஆய்வாளர்களை அனுப்புங்கள். முன்கூட்டித் தகவல் சொல்லாமல், காலை ஆறு மணிக்கு, பெண்கள் உள்ளே இருக்கும்போது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர்,
பெங்களூரு