வாழைக்கறையும் ஆணித் தண்ணீரும்

காரைக்குடி
தை 26

அன்புள்ள வள்ளி,

இங்கே எல்லாரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலம்தானே? ஆறு மாதமாகக் கடிதம் போடாததற்கு மச்சினன் கல்யாணம், அயித்தைக்கு முட்டிவலி என்று நிறையச் சாக்கு வைத்திருக்கிறேன். எதையும் நீ நம்ப மாட்டாய். நேரே சொல்லிவிடுகிறேன். உங்க ஆத்தாளுடைய கண்டாங்கிச் சேலையை நான் கெடுத்துவிட்டேன்.

திட்டி முடித்துவிட்டு மேலே படி.

ஆடியில் ஒருநாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். கையில் எண்ணெய் தடவவில்லை. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், வழக்கம்போல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன். (ஹாஸ்டலில் இதற்காக நீ எனக்கு வைத்த பெயரைச் சாலா இன்னும் மறக்கவில்லையாம்.) அப்போது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் கடுகு மஞ்சளில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. மஞ்சள்தூள் கறை என்றால் சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்திவிட்டு, நல்ல வெயிலில் தானே வெளுத்துவிடும். வாழைக்கறை விடுமா? சலவைக்குப் போட்டேன். அங்கே ப்ளீச்சை ஊற்றிவிட்டார்கள். கறை அப்படியே நிற்க, சுற்றியிருந்த சாயம் போய்விட்டது. 2019-ல் கண்டாங்கிக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் ஒன்றாகப் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தப் பூட்டை வாங்கி இந்தச் சேலையை முதலிலேயே பூட்டி வைத்திருக்கலாம்.

மார்கழி வரை அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. அப்புறம்தான் தோன்றியது, போகாத கறுப்பைப் போக்குவானேன், முந்தானை முழுதையும் கறுப்பாக்கினால் என்ன? துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போட்டேன். அந்த நாற்றத்துக்கு அயித்தை பக்கத்து வளவுக்குக் குடிபோகிறேன் என்றார்கள். முந்தானையை மட்டும் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஆணித் தண்ணீரில் முக்கினேன். கண்ணெதிரே மழைமேகம் மாதிரி நிறம் ஏறியதடி! அதிலேயே விட்டுவைத்தால் நூல் இற்றுப்போகும். சட்டென்று எடுத்து நன்றாக அலசினேன்.

அப்படியும் ப்ளீச் பட்ட இடம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. சரி, மூடிவிடுவோம் என்று பட்டாலைத் தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் மேல் காகிதத்தை விரித்து, அந்தப் பூவை அப்படியே வரைந்தெடுத்தேன். பழைய செங்கல் நிற ரவிக்கையிலிருந்து இதழ் இதழாக வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, சுற்றிலும் வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டேன். மடிப்புக்குக் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். முதல் பூவுக்கு விடவில்லை, அது மட்டும் வாடின கத்தரிப்பூ மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மூன்று பூவே போதும், நான் ஏழு வைத்துவிட்டேன். கை நிற்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கொசுவம் வருகிற இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெற்றிலைக் கறை இருக்கிறது. அது நான் செய்ததில்லை. நீ கொடுக்கும்போதே இருந்தது. எட்டாவது பூவை அதற்காகத்தான் வெட்டினேன். ஊசியைக் கோத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வைக்கத் தோன்றவில்லை. ஆத்தா வெற்றிலை மடித்தபடி நம் இருவரையும் சேர்த்து வையும் குரல்தான் காதில் கேட்டது.

சிவராத்திரிக்கு வருகிறாய் அல்லவா? இதழ்களை ஊசி நூலோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வந்து நீ சொல்.

உன்,
மீனா