பொம்மையின் கண்ணை நூலால் தைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிறந்த குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்க உல்லன் நூலில் கரடி பொம்மை பின்னுவது எப்படி என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் அழகு. கண்ணிக் கணக்கும், அதாவது ஒரு வரிக்கு எத்தனை பின்னல் வளையம் என்பதும், சரியாக இருந்தது. ஊசியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் கடைசியில், இரண்டு கறுப்புப் பொத்தானைக் கண்ணாகத் தைத்து, கழுத்தில் ரிப்பனும் சின்ன மணியும் கட்டிவிட்டால் பொம்மை தயார் என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஏற்காடு மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது இருப்பது நாகலூரில். மார்கழிக் குளிரில் இங்கே பிறக்கும் குழந்தைக்குத் தலையில் குல்லா இல்லை என்றால் உடம்பு சட்டென்று சில்லிட்டுப் போகும். அதற்காகப் பின்னக் கற்றுக்கொண்டேன். தடுப்பூசி நாளில், எஸ்டேட் வேலைக்குப் போன தாய்மார்கள் வந்து சேரும் வரை கையில் ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். குல்லாவில் ஆரம்பித்து, காலுறைக்குப் போய், அப்புறம் பொம்மையில் வந்து நின்றது.

ஐந்தாறு மாதக் குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான். பொம்மையை அது கட்டிப்பிடிப்பதில்லை, சப்பும். முதலில் சப்புவது எது என்று பார்த்திருக்கிறீர்களா? துருத்திக்கொண்டு பளபளவென்று இருக்கும் கண்ணைத்தான். எச்சிலில் ஊறி, ஈறால் கடிபட்டு, பொத்தான் துளையின் விளிம்பு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். நூல் அறுபடாவிட்டாலும் பின்னல் துணி இழுத்தால் நெகிழும். கடையில் 'சேஃப்டி ஐ' என்று ஒரு பிளாஸ்டிக் கண் விற்கிறார்கள், பின்பக்கம் வட்டத் தகடு வைத்து அழுத்துவது. நெய்த துணியில் அது நிற்கலாம். பின்னலில் கண்ணிகள் விரிந்து கொடுத்தால் தகட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பேரில் 'சேஃப்டி' இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே கண், மூக்கு, வாய் மூன்றையும் கறுப்பு நூலாலேயே தைத்துவிட வேண்டும். மணி கூடவே கூடாது. கழுத்து ரிப்பன் அவிழ்ந்தால் அதுவே கயிறு.

இதைச் சொன்னால், செவிலியருக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்பார்கள். இருக்கட்டும். குழந்தையின் தொண்டையில் ஒரு பொருள் அடைத்துக்கொண்டால் கையில் இருப்பது சில நிமிடம்தான். எங்கள் மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. 108 எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்தச் சில நிமிடத்தை வீட்டில் இருப்பவர்தான் சமாளிக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை அழவும் இருமவும் முடியாமல் திணறினால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்வாக இருக்கும்படி தாங்கிக்கொண்டு, இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு தட்ட வேண்டும். பொருள் வெளியே வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். வெளியே வரும் வரை இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். பக்கத்தில் யாராவது இருந்தால் 108-க்கு அவர்கள் பேசட்டும். அடுத்த முறை பொம்மைப் பக்கம் போடும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கட்டி இதையும் போட்டால் புண்ணியமாகப் போகும்.

கடை பொம்மைக்குச் சட்டம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். கழன்று விழும் பாகம் உண்டா, முனை குத்துமா என்றெல்லாம் சோதித்த பிறகுதான் அந்த முத்திரை. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. வீட்டில் பின்னிப் பரிசாகக் கொடுப்பதை யாரும் சோதிப்பதில்லை, சோதிக்கவும் முடியாது. பின்னுகிறவர் உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் பின்னுகிறார். அப்படியிருக்க எந்த வயதுக் குழந்தைக்கு என்று ஒரு வார்த்தைகூட அந்தப் பக்கத்தில் இல்லை.

நூலைப் பற்றியும் கொஞ்சம். உல்லன் என்று சேலத்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமம் அதில் கிடையாது. குல்லாவுக்கு அது சரி. சித்திரை வெயிலில் சேலத்தில் வியர்த்துக்கொண்டு கிடக்கும் குழந்தை கட்டிக்கொள்ளவும் சப்பவும் பருத்தி நூல்தான் வசதி. சுற்றிலும் நூற்பாலைகள் இருக்கும் ஊரில் பருத்தி நூலுக்குப் பஞ்சமா? புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தொடவே வேண்டாம், அந்த முடி முழுக்கக் குழந்தையின் வாயில்தான் இருக்கும். சாய நூலாக இருந்தால் நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை ஒட்டினால் அந்த நூலைத் திரைச்சீலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே அடைக்க இலவம் பஞ்சுதான் உசத்தி என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். தலையணைக்கு உசத்தி, மறுக்கவில்லை. ஆனால் அது மெல்லிய வழவழப்பான இழை, பின்னலின் கண்ணி வழியே பூப்பூவாக வெளியே வரும். துவைத்தால் கட்டி தட்டிவிடும். குழந்தை பொம்மையை வாரத்துக்கு ஒரு தடவையாவது துவைக்காமல் முடியுமா? பாலியெஸ்டர் பஞ்சுதான் இதற்கு ஏற்றது. அதையும் பழைய வேட்டித் துணியில் சின்னப் பையாகத் தைத்து உள்ளே வைத்துவிட்டால் கவலை இல்லை. ஸ்வெட்டருக்கு எடுக்கும் ஊசியைவிட இரண்டு அளவு சின்ன ஊசியில் இறுக்கமாகப் பின்ன வேண்டும் என்பதையும் உங்கள் பக்கத்தில் விட்டுவிட்டார்கள்.

சேலத்தில் குழந்தைக்குப் பரிசு என்றால் வெள்ளிக் கொலுசுதான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போகாமல் யாரும் பெயர் சூட்டு விழாவுக்குப் போவதில்லை. என் அக்கா பேத்திக்குக் கொண்டலாம்பட்டியில் பெயர் வைத்தபோது நான் மட்டும் ஒரு காட்டெருமையோடு போனேன். உள்ளங்கை அளவு, கரும்பழுப்பு உடம்பு, ஒரு வரி பிளெயின் (நேர்ப் பின்னல்) ஒரு வரி பர்ல் (மறுபுறப் பின்னல்), முழங்காலுக்குக் கீழே வெள்ளை. எங்கள் காப்பித் தோட்டங்களில் சாயங்காலம் இறங்கி வருவது அப்படித்தான் இருக்கும், நான்கு காலிலும் வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டு. கொம்பு வெளிர் மஞ்சள், நுனி மட்டும் கறுப்பு, அழுத்தினால் மடங்குகிற மாதிரி. வால் ஒரு விரல் நீளத்துக்கு மேல் இல்லை. கால்களைத் தனியாகப் பின்னி ஒட்டாமல் உடம்போடு சேர்த்தே பின்னியிருந்தேன்.

அக்காவின் சம்பந்தியம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, எருமையப் போய்ப் பரிசாக் கொடுப்பாங்களா? எமன் வாகனமாச்சே!"

"இது எமன் ஏறுற எருமை இல்லீங்க சம்பந்தி. காட்டு மாடு. நம்ம வீட்டுப் பசுவுக்குச் சொந்தம்."

"அதுக்காக ரெண்டு மணிக் கண்ணாவது வச்சிருக்கலாமில்ல? மூஞ்சி வெறிச்சுனு இருக்கு."

கொலுசில் இருக்கும் சலங்கை முத்து கழன்று, அதைப் பிள்ளை வாயில் போட்டுக்கொண்ட கதை அவர்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. அதை ஞாபகப்படுத்தியதும் கண் விஷயத்தை விட்டுவிட்டார். எமன் விஷயத்தில் இன்னும் முழுத் திருப்தி வரவில்லை என்று கேள்வி.

அங்கே இன்னொன்றும் சொல்லிவிட்டு வந்தேன். பொம்மை விளையாடும்போது மட்டும். தூங்கும்போது தூளியிலோ தொட்டிலிலோ பக்கத்தில் வைக்கக் கூடாது, ஒரு வயது முடியும் வரை. மூக்கின் மேல் மெத்தென்று ஒன்று விழுந்தால் அதைத் தள்ளிவிட அந்தக் கைக்குத் தெம்பு கிடையாது. தூளியில் நிலைமை இன்னும் மோசம், துணி குவிந்து பொம்மையை முகத்தின் மேலேயே தள்ளும். அன்பாகக் கொடுத்ததைத் தூளியிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் கொடுத்தவர் மனம் நோகுமே என்று இளம் தாய்மார்கள் தயங்குகிறார்கள். அதனால் கொடுக்கிற நாமே வாய் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

ஏற்காடு கோடை விழாவுக்குப் பின்னல் பொம்மை செய்து விற்கலாமா என்று இங்குள்ள சில மகளிர் குழுப் பெண்கள் உங்கள் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்கள். விற்பது என்று வந்தால் மேலே சொன்ன பதிவை முதலில் செய்துகொள்ளுங்கள் என்றேன். பொத்தானை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு நூல் கண் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கரடிப் பக்கத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில். உள்பக்கத்தில் மூலையில் போட்டால் பின்னுகிறவர்கள் கண்ணில் படாது. இடம் இருந்தால் காட்டெருமைக்கும் கண்ணிக் கணக்கு எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன். படம் வரைய மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்; நான் வரைந்தால் அது ஆடாகி விடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நாகலூர், ஏற்காடு, சேலம் மாவட்டம்.