ஏசி பம்பைக் கழற்றி எறிய வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, எங்கள் பட்டறைக்கு வரும் பழைய ஹெரால்டு, பியட் கார்களில் பலவற்றுக்கு ஒரே புகார்: போய்க்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. எல்லோரும் சொல்லி அனுப்பும் வைத்தியமும் ஒன்றுதான். "ஏசி பம்பைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரிக் பம்ப் மாட்டுங்க." ஏசி என்றால் இங்கே குளிர்சாதனம் இல்லை, ஒரு கம்பெனியின் பெயர். என்ஜின் சுழற்சியிலேயே இயங்கி, டேங்கிலிருந்து பெட்ரோலைக் கொண்டுவரும் பம்ப் அது. அதைத் தூக்கிப் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். நம் சென்னையில் தயாரான ஹெரால்டின் பம்ப் தருவது ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) அழுத்தம். கடையில் கிடைப்பவற்றில் பல, அதைவிட இரு மடங்கு தள்ளும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரில், பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் பொங்கி, சூடான என்ஜின் மேல் வழியும்.

முதலில் பம்ப் மேல்தான் குற்றமா என்று பாருங்கள். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்றை இழுத்து, அப்புறம் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத்துளைதான் அடைத்திருக்கிறது. அடுத்து, பம்பின் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மேலே இருக்கும் கார்க் வாஷர். அது காய்ந்து சுருங்கினால் பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டும் சரி என்றால், என்ஜின் ஆறியதும் தீப்பொறி வராதபடி காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு டப்பாவில் விட்டு செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சி அடித்தால் பம்ப் நன்றாக இருக்கிறது.

என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியையும் உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாப்ரம் கிழிந்து, பெட்ரோல் என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்பில் இறங்கியிருக்கலாம். ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

டயாப்ரம் மாற்றும்போது ஸ்குரூக்களை லேசாக மாட்டி, பம்பை இயக்கும் நெம்புகோலான ராக்கர் ஆர்மை முழுதாக அழுத்திப் பிடித்தபடிதான், எதிரெதிரே இருக்கும் ஸ்குரூக்களை மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது டயாப்ரமும் விறைத்துச் சீக்கிரமே கிழியும்.

என் கோரிக்கை ரிப்பேர் கிட் தயாரிப்பவர்களிடம். பழைய ரப்பர் டயாப்ரம் பல, எத்தனாலில் உப்பிப்போகின்றன. எந்த ரப்பர், எத்தனாலைத் தாங்குமா, எந்த ஆண்டு செய்தது என்பதை அட்டையிலேயே அச்சிடுங்கள். வாங்குகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

– ஒரு கார் மெக்கானிக், கோவை