ரத்தத்தை மட்டும் பார்த்த விமர்சனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1958-இல் வெளிவந்த 'டிராகுலா' என்ற, ரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவின் கதையைச் சொல்லும் பிரிட்டிஷ் படத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கிறது, டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ வருவதே சில நிமிடங்கள்தான், பயமே வரவில்லை, முடிவு அரைகுறை, ப்ராம் ஸ்டோக்கரின் நாவலைச் சிதைத்துவிட்டார்கள், அந்தக் காலத்து விமர்சகர்களே படத்தை வெறுத்தார்கள் என்று பல குறைகள் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். நான் சினிமா எடிட்டிங் அறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு மிகவும் பிடித்த படம் இது. பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அந்தக் காலத்து விமர்சகர்கள் வெறுத்தது உண்மை. 'அப்சர்வர்' பத்திரிகையின் சி.ஏ. லெஜூன், இப்படியொரு குரூரமான படத்தை அனுப்பிவைத்ததற்காக அமெரிக்கர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது என்கிற அளவுக்குப் போனார். 'டெய்லி வொர்க்கர்' பத்திரிகையின் நினா ஹிபினும் அருவருப்போடுதான் எழுதினார். ஆனால் அவர்களுடைய புகார் என்ன? படம் எல்லை மீறிப் பயமுறுத்துகிறது, உலுக்கிவிடுகிறது என்பதுதானே. கட்டுரையாளரோ பயமே வரவில்லை என்கிறார். அப்படியிருக்க அவர்களைத் தன் பக்கத்துச் சாட்சியாக எப்படிக் கூப்பிடுகிறார்? பின்னாளில் பார்வையும் மாறியது. 1968-இல், இந்தப் படத்தை எடுத்த ஹாமர் நிறுவனத்துக்கு ஏற்றுமதிக்கான பிரிட்டிஷ் அரசியின் விருதே கிடைத்தது. 1973-இல் டேவிட் பிரி என்ற விமர்சகர் பிரிட்டிஷ் திகில் படங்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதி, இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரை மரியாதையோடு பார்க்க வைத்தார். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்து லீயின் நிமிடங்கள். ஆமாம், குறைவுதான். ஆரம்பத்தில் தன் கோட்டைக்கு வரும் ஹார்க்கரிடம் பேசுவதோடு அவருடைய வசனமும் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் முதலில் வருவதை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மாடிப்படியின் உச்சியில் ஒரு கறுப்பு உருவம், ஜேம்ஸ் பெர்னார்டின் இசை ஓங்கி அடிக்கிறது. அப்புறம் அந்த உருவம் விறுவிறுவென்று இறங்கி வந்து, நல்ல வீட்டுப் பிள்ளை போல விருந்தாளியை வரவேற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே மனிதர் ரத்தம் வழியும் வாயோடு கதவைத் திறந்துகொண்டு வந்து மேஜை மேல் தாவும்போது, அந்த மரியாதைப் பேச்சு நினைவுக்கு வந்து நமக்கு உடம்பு கூசுகிறது. அதற்குப் பிறகு அவர் திரையில் இல்லாத நேரத்திலும் வேகமாக வருகிறவர் எந்த நொடியும் வந்துவிடுவார் என்ற எண்ணம் போவதே இல்லை. 82 நிமிடப் படத்தில் அதை இன்னும் நீட்டியிருந்தால் அந்தப் பயம் நீர்த்துப் போயிருக்கும்.

கட்டுரையாளர் தொடாமலே போன இடம்தான் எனக்கு முக்கியம். டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்கும் (பீட்டர் குஷிங்) ஆர்தரும் ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் நின்று ஆர்தரின் மனைவி மினாவின் ஜன்னலைக் காவல் காக்கிறார்கள். டிராகுலா வருகிறானோ என்று கண் வெளியிலேயே இருக்கிறது. அவனோ வீட்டுக்குள்ளிருந்தே படியேறி அவள் அறைக்குப் போகிறான். அவன் பகலில் படுக்கும் சவப்பெட்டி இருப்பது அந்த வீட்டின் நிலவறையில்! இது வெளியே வரும் விதம் இன்னும் அழகு. ஒயின் எடுத்து வரச் சொன்னதும் வேலைக்காரப் பெண் தயங்கி, நிலவறைக்கு எக்காரணம் கொண்டும் போகக்கூடாது என்று எஜமானியம்மா மினா சொல்லியிருக்கிறார் என்கிறாள். இவ்வளவுதான். ஒரு துளி ரத்தம் இல்லை. வான் ஹெல்சிங் அந்த நொடியில் நிலவறையை நோக்கி ஓடுகிறார்.

ஆர்தரின் சகோதரி லூசி வரும் காட்சியும் இப்படித்தான். டிராகுலாவை அண்டவிடாத சிலுவையை அவளே கழற்றி வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, படுக்கையில் காத்திருக்கிறாள். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் அவனை வேண்டி நிற்கிறார்கள் என்பதுதான் 1958-இல் பலரை உலுக்கியது என்று நான் நினைக்கிறேன். ரத்தத்தைச் சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிம்மி சாங்ஸ்டர் சுமார் 81,000 பவுண்டு செலவுக்குள் அடங்கும்படி திரைக்கதை எழுதினார். கப்பல் பயணமும் லண்டனும் போயின, கதை இறுகிவிட்டது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லைச் சாவடி அதிகாரியை வைத்துச் சிரிப்பு மூட்டப் பார்ப்பது எடுபடவில்லை. பகலில் எடுத்ததை இரவாகக் காட்டும் ஷாட்களில் இரவென்ற நம்பிக்கையே வரவில்லை. கட்டுரையாளர் இவற்றைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

கடைசியாக ஒன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது. பிரிட்டிஷ் தணிக்கையில் இந்தப் படம் வெட்டுப்பட்டு, பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்கக் கூடாத 'எக்ஸ்' சான்றிதழோடுதான் வந்தது. பல காலம் மக்கள் பார்த்தது அந்த வெட்டுப்பட்ட பிரதியைத்தான். 2011-இல் டோக்கியோவில் உள்ள தேசியத் திரைப்பட மையத்தில் ஜப்பானியப் பிரதியின் கடைசிச் சில ரீல்கள் கிடைத்தன. மினாவின் அறையில் டிராகுலா அவள் முகத்தருகே குனிந்து தடவும் காட்சியும், வெயில் பட்டுக் கரையும்போது தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் காட்சியும் அதில் நீளமாக இருந்தன. அவற்றைச் சேர்த்துப் புதுப்பித்த பிரதியில் முடிவு பார்ப்பதற்கு வேறு மாதிரி இருக்கிறது. லீ ஒரு கொடியவனாக இருந்தும் அவர் படும் வேதனை தெரிகிறது. ஒரு ஷாட்டில் பாதி நொடியை எடுத்தாலே நடிப்பு எப்படி மாறும் என்பது மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

முடிவு அவசரமாக, அரைகுறையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அவர் பார்த்தது எந்தப் பிரதி என்று அடுத்த வாரம் ஒரு வரி போடுங்கள். வெட்டுப்பட்டதென்றால், புதுப்பித்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பத்தியையாவது அவர் திரும்ப எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற எடிட்டிங் உதவியாளர்