பர்ரன் மலையில் இரண்டு வகைப் பழஞ்சாலைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் கிளேர் மாவட்டம் பற்றித் தங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் அங்குள்ள பர்ரன் மலைகளில் புல் மூடிக் கிடக்கும் பழைய சாலைகள் அத்தனையும் 1840களின் பஞ்ச காலத்தில் போட்டவை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

அவற்றில் பல, பஞ்சத்துக்கு முன்பிருந்தே மாடு ஓட்டிச் சென்ற தடங்கள். பிற மலைநாடுகளில் மந்தை கோடையில் மலையேறும். பர்ரனில் குளிர்காலத்தில் ஏறும். சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் தேங்காது. கோடை வெப்பத்தைப் பாறை மெல்லத்தான் விடும். அதனால் குளிரிலும் மேலே மேய்ச்சல் கிடைக்கும். இன்றும் அப்படித்தான் ஓட்டிப்போகிறார்கள்.

பஞ்சச் சாலைகளின் கதை வேறு. 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. மறு ஆண்டு விளைச்சல் அடியோடு போயிற்று. சும்மா சோறு போட, அயர்லாந்தை அப்போது ஆண்ட லண்டன் அரசுக்கு மனமில்லை. உழைத்தால்தான் கூலி என்றது. அந்த உழைப்பால் எந்த நிலக்காரருக்கும் தனி ஆதாயம் வரக்கூடாது என்றும் கட்டுப்பாடு வைத்தது. வயலுக்கு வடிகால் வெட்டினால் ஆதாயமாகிவிடும் அல்லவா? ஆகவே, தேவை இருந்ததோ இல்லையோ, கல் உடைத்துச் சாலை போட்டார்கள். 1847 மார்ச்சில் நாடு முழுதும் 7 லட்சம் பேருக்கு மேல் இந்த வேலையில் இருந்தார்கள். பெண்களும் சிறுவர்களும் உண்டு. செய்த வேலையை அளந்து கூலி கொடுத்ததால், பட்டினியில் துவண்டவர்களுக்கே குறைவாகக் கிடைத்தது. மாவு விற்ற விலைக்கு முழுக் கூலியும் குடும்பத்துக்குப் போதவில்லை. இதைவிடக் கொடிய நிவாரணம் இருக்க முடியுமா என்று தோன்றுகிறது. அந்த மார்ச்சிலேயே ஆட்களைக் குறைக்கத் தொடங்கிய அரசு, கஞ்சித் தொட்டிக்கு மாறியது. சில சாலைகள் எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நிற்பது இதனால்தான்.

எல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. பாலிவான் அருகே வளைந்து வளைந்து ஏறும் கார்க்ஸ்க்ரூ ஹில் சாலை பஞ்ச நிவாரண வேலையாகப் போட்டதுதான். இன்றும் அதில் வண்டிகள் ஓடுகின்றன.

கட்டுரை விட்டுவிட்ட ஒரு செய்தியும் உண்டு. அந்த நிவாரணச் செலவைக் கருவூலத்தில் இருந்து இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெல்யன், 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். பின்னர் தாது வருஷப் பஞ்சத்தின்போது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டியதும் இதேபோன்ற நிவாரணக் கூலி வேலைதான்.

தொடரின் அடுத்த பகுதியில் மந்தைத் தடங்களையும் பஞ்சச் சாலைகளையும் தனித்தனியே காட்டும் வரைபடம் ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி