பக்கத்துக் கூடை அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

மதுரையில் சிம்மக்கல், செல்லூர், கோரிப்பாளையம் பக்கம் என்னைத் தெரிந்த எல்லாருக்கும் வணக்கம். மைனர் எழுதுகிறேன். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, சிம்மக்கல் கோயில் வாசலில் பூ விற்பவரை, நான் கட்டிக்கொள்ளப்போகிறவரை, நேற்று மதியம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இடது காலை இன்னும் சில வாரத்துக்குத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாய்க்கு அப்படித் தடை எதுவும் இல்லை. ஆட்டோவில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தார். திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்த ஆளை அந்த ஆட்டோக்காரத் தம்பி இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதை மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப்பேர் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து நின்றவர்கள். நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், பெயர் விட்டுப்போனால் கோபிக்காதீர்கள். 108 வண்டியில் வந்த இருவருக்கும், முன்பணம் என்ற பேச்சே எடுக்காமல் உள்ளே தூக்கிப்போன மருத்துவமனைக்கும் முதல் கும்பிடு. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே பார்த்துக்கொள்ளும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் நடப்பில் இருக்கிறது. அதை நானே ஒரு தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அடுக்குமொழியில் புகழ்ந்து தள்ளியிருக்கிறேன். பேசியவன் காதில் மட்டும் அது ஏறவில்லை போல. அன்று அங்கே ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் பெரியாஸ்பத்திரி. எலும்பு வார்டு டாக்டர்கள், நர்ஸுகள், தூய்மைப் பணியாளர் அம்மாக்கள், எல்லாருக்கும். காப்பீட்டு அட்டைக்காக என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அலைந்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு. ரத்த வங்கியில் வரிசையாக வந்து படுத்த ஆட்டோ ஸ்டாண்ட் பிள்ளைகளுக்கு. அதில் ஒருவன், போன மாதம்தான் கொடுத்தாய், மூன்று மாதம் ஆகாமல் எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியதற்கு என்னிடம் வந்து சண்டை போட்டான். அந்தச் சண்டைக்கும் நன்றி. பத்து வருடமாகக் கணக்கு நோட்டில் என் பக்கத்தைத் திருப்பியே பார்க்காத டீக்கடை அண்ணனுக்கு. ராத்திரி ராத்திரியாக வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்த என் அக்காவுக்கு. ஆறு மாதமாக "இது சரிப்பட்டு வராதுடா தம்பி" என்று சொன்னதும் அவள்தான், அந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

இனி, இதை எழுத உட்காரவைத்த ஆளுக்கு வருகிறேன்.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண் துணைக்கு இடமில்லை. சரியான விதிதான். ஆனால் அந்த விதியால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்த ஊரிலேயே வேலையில்லாத ஒரே ஆள் நான் ஆகிப்போனேன். வேலையில்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அக்கா வீட்டு மாடி, கோயில் திருவிழா என்றால் மைக், கல்யாணம் என்றால் மைக், எலெக்‌ஷன் வந்தால் மைக், மற்ற நாளில் டீக்கடை பெஞ்சு. 47 வயதுவரை இப்படித்தான் ஓடியது, நன்றாகவும் ஓடியது. எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்கவைத்தால் ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரி மரத்தடியில் யாரைச் சிரிக்கவைப்பது? பனி வேறு. ஒரு நாள் விடியும் முன் பொறுக்காமல் எழுந்து சிம்மக்கல்லுக்கு நடந்தேன். அவர் உட்காரும் இடம் என்ன ஆச்சு என்று பார்க்க.

பூ விற்பவருக்கு முதல் என்பது பூ மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடம்தான் பெரிய முதல். கோயில் வாசலில் வலப்பக்கத் தூணடி, பத்து மணிவரை நிழல் விழும், பஸ்ஸை விட்டு இறங்குபவர் கண்ணில் முதலில் படும். நாலு நாள் காலியாகக் கிடந்தால் அங்கே ஒரு செல்போன் கவர் கடை முளைத்துவிடும். அந்தத் தூணுக்காகத்தான் அவருக்கும் பக்கத்துக் கூடை அக்காவுக்கும் அத்தனை வருடச் சண்டை. தண்ணீர் என் பக்கம் தெளிக்கிறாய், என் வாடிக்கையைக் கூப்பிடுகிறாய், உன் முழம் சின்ன முழம் என்று தினமும் ஏதாவது ஒன்று. நான்கூட ஒருமுறை இனிக்க இனிக்கப் பேசிச் சமாதானம் செய்யப் போய், இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். என் பேச்சு எடுபடாத மனுஷி என்று மதுரையில் யாரையாவது காட்டச் சொன்னால் அந்த அக்காவைத்தான் காட்டுவேன்.

போய்ப் பார்த்தால், தூணடியில் அவருடைய வாளி கவிழ்த்து வைக்கப்பட்டு, மேலே அவருடைய ஈரச்சாக்கு, அதன் மேல் ஒரு சின்னக் கூடை. கூடையில் கட்டின பூ. பக்கத்தில் அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் "அக்கா" என்றேன். அவர் நிமிரவே இல்லை.

"சும்மா நிக்காத. அந்த நாரை நனை."

இந்த ஒரு வார்த்தைக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் நேற்றிலிருந்து யோசிக்கிறேன். வந்தவர்கள் எல்லாம் "தைரியமா இருங்க" என்றீர்கள், தோளில் தட்டினீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் எனக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று தோன்றியது அந்த அக்கா ஒருவருக்குத்தான். அவருக்கு அப்படித் தோன்றியதா, இல்லை நிஜமாகவே நார் காய்ந்துபோயிருந்ததா, அதுவும் தெரியாது. கேட்டால் அடிதான் விழும்.

நனைத்தேன். மறுநாளும் போனேன். அப்புறம் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து மூட்டை இறங்கும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். நான் வழக்கமாகத் தூங்கப் போவதற்குக் கொஞ்சம் பின்னால் வரும் நேரம் அது. மல்லியை மொட்டாகவே பறித்து, மொட்டாகவே கட்டி, விரிவதற்குள் கொடுத்தாக வேண்டும். பூவுக்கு நம் சௌகரியம் தெரியாது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எத்தனை மேடையில் பெருமை பேசியிருப்பேன். அதன் காம்பு நீளம், அதனால் கட்ட வசதி என்பதை விரல்தான் சொல்லித்தந்தது. இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, நாரைச் சுற்றி ஒரு இழுப்பு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், விட்டால் தலையில் வைப்பதற்குள் உதிர்ந்துவிடும். என் கட்டைப் பார்த்து அக்கா சொன்னது: "இதை சாமிக்குக் கூடப் போட முடியாதுப்பா, சாமி பயந்துரும்."

மாதப் பூ வாடிக்கை என்று ஒன்று இருக்கிறது, கடைக்காரர்களுக்குத் தெரியும். கல்லாவுக்கு மேலே இருக்கும் சாமி படத்துக்குத் தினம் ஒரு சரம், மாதம் முடிந்ததும் பேசின தொகை. ஜவுளிக்கடைக்கு ரெண்டு முழம், மெடிக்கலுக்கு ஒரு முழம், மாவு மில்லுக்குக் கால் சரம், ஓட்டலில் வெள்ளிக்கிழமை மட்டும் கூடுதல். இவரிடம் இருந்த வாடிக்கை முழுவதும் அந்த அக்காவுக்கு மனப்பாடம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர். இத்தனை வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டே பக்கத்துக் கூடையின் கணக்கு முழுவதையும் தலையில் வைத்திருந்திருக்கிறார்! அவர் சொல்லச் சொல்ல நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து மல்லி கிலோ ஆயிரங்களில் நிற்கும். மாதத்துக்குப் பேசின தொகையோ மாறாது. இந்த நேரத்தில் மல்லிக்குப் பதிலாகக் காக்கரட்டான் பூவைக் கலந்து ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அக்கா செய்யவில்லை. செவ்வந்தியைச் சேர்த்து, மல்லியை அளவாக வைத்து, "பனிக்காலம், இதுதான் வரும்னு சொல்லிக் குடு" என்றார். ஒரு கடைகூட விட்டுப்போகவில்லை.

வாரக் கடைசியில் ஒரு கேரி பையில் பணத்தை முடிந்து கொடுத்தார். பூ வாங்கின விலை போக மீதி, சில்லறை உட்பட. அவருடைய கூலி எங்கே என்று கேட்டேன்.

"அவ வரட்டும், அவகிட்ட வாங்கிக்கிறேன். உங்கிட்ட என்ன இருக்கும், பேச்சுதான இருக்கும்?"

ஆஸ்பத்திரிப் பக்கம் அந்த அக்கா ஒரு நாளும் வரவில்லை. தினமும் காலையில் "சாப்பிட்டாளா?" என்று ஒரு கேள்வி, அதையும் கையில் இருக்கும் பூவைப் பார்த்துக் கேட்பார். நேற்று ஆட்டோவைக் கோயில் பக்கமாக விடச் சொன்னது இவர்தான். வண்டி நின்றதும் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக நின்றேன். இவர் தலையை வெளியே நீட்டி, "கட்டு லூசா இருந்துச்சுன்னு ஜவுளிக்கடைல சொன்னாகளாமே" என்றார். "அது உன் மைனரு கட்டுனது" என்று பதில் வந்தது. நாலு பேர் பார்க்க, நடுரோட்டில், "உன் மைனரு". நான் பேச்சு மறந்து நின்றேன். உடனே கூலிப் பேச்சை ஆரம்பித்தார்கள், தொகையில் இன்னும் தகராறு தீரவில்லை.

எங்கள் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பொதுக்கூட்டத்துக்கு மாலை சொல்லிவிட்டு, ஏற்பாடு செய்தவர் கைவிரித்ததால் பாக்கி என் தலையில் விழுந்தது. அதைக் கேட்டு அவர் வந்தார். நான் பேசினேன். "பேச்சு நல்லாருக்கு, பாக்கி எங்க?" என்றார். அதிலிருந்து தவணை கொடுக்கும் சாக்கில் தினமும் தூணடிக்குப் போக ஆரம்பித்தவன், பாக்கி தீர்ந்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன். என் சிரிப்புக்கும் சட்டைக்கும் மயங்கியவர்கள் உண்டு. இவர் மயங்கவில்லை, கணக்கு கேட்டார். ஏன் அது பிடித்துப்போனது என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. கணவரை இழந்து, பூக்கட்டியே ஒரு பெண்ணை ப்ளஸ் டூ வரை கொண்டுவந்தவர். அந்தப் பிள்ளை இதுவரை என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. போன வாரம் மட்டும் வார்டு வாசலில் வந்து, "வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம், அம்மாவால வர முடியாது" என்று சொல்லிவிட்டு நின்றாள். போனேன். மைக் இல்லாத கூட்டத்தில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சில், முழுக்கைச் சட்டையோடு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கணக்கில் மார்க் குறைகிறது என்றார்கள். ராத்திரி முழுக்க அந்தக் கவலைதான். இப்படி ஒரு கவலை எனக்கு வரும் என்று என் அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

தை பிறந்ததும் கல்யாணம். ஜாதகம், பொருத்தம், இரண்டாவது கல்யாணத்துக்கு எந்த ஐயர் வருவார் என்ற பேச்சுக்கெல்லாம் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். சுயமரியாதைத் திருமணம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தப்படி, சொந்தபந்தம், நண்பர்கள் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலே போதும். இத்தனை கல்யாணத்துக்கு மைக் பிடித்ததில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான். பதிவும் உண்டு, 2009 சட்டப்படி 90 நாளுக்குள் செய்ய வேண்டும், முதல் வாரத்திலேயே செய்துவிடுவோம், இவர் தள்ளிப்போட விட மாட்டார். அன்றைக்கு மைக்கை யாராவது சின்னப் பையனிடம் கொடுத்துவிடுங்கள். நான் தொடப்போவதில்லை.

மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தப்போவதில்லை என்று பக்கத்துக் கூடை அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். "பாப்போம்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது.

கடைசியாக மாதப் பூ வாடிக்கைக்காரர்களுக்கு. இந்த மாதக் கணக்கை வழக்கம்போல முதல் தேதி கொடுத்துவிடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தை முகூர்த்தத்துக்கு மாலை சொல்பவர்கள் முன்பணத்தோடு வரவும். கடன் சொல்ல நினைப்பவர்கள் என்னிடம் சொல்ல வேண்டாம். தூணடிக்கு வந்து அவரிடமே சொல்லிப் பாருங்கள். அவர் வரும்வரை பக்கத்துக் கூடையில் சொல்லிப் பாருங்கள்.