நட்சத்திரத்தோடு இன்னும் நான்கு வரி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நூல் அறிமுகப் பக்கத்தில் அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டஸி நாவலுக்கும் தொடர்ந்து இடம் தருகிறீர்கள், நன்றி. ஆனால் கதைச் சுருக்கத்தோடு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மட்டும் போட்டு நிறுத்திவிடுவதால், தனக்கு ஒத்துவராத நாவலில் ஆரம்பிக்கும் புது வாசகர் அதன்பின் அந்த வகைப் பக்கமே வருவதில்லை.

தொடர் நாவல்களில்தான் நட்சத்திரம் அதிகம் ஏமாற்றுகிறது. முதல் பாகத்துக்கு 3.8, நான்காம் பாகத்துக்கு 4.5 என்று இருந்தால் போகப் போக மெருகேறுகிறது என்றே தோன்றும். முதல் பாகம் பிடிக்காதவர்கள் அங்கேயே விலகிவிடுவதால், நான்காம் பாகத்துக்கு மதிப்பெண் போட மிஞ்சுவது பெரும்பாலும் ரசிகர்கள்தான். கதை சரிந்தாலும் சராசரி ஏறும். ஆகவே தொடரைப் பரிந்துரைக்கும்போது முதல் பாகத்தின் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். தொடர் முடிந்துவிட்டதா, முதல் பாகத்தோடு நிறுத்தினாலும் நிறைவு கிடைக்குமா என்பதையும் சேருங்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரில் ஐந்தாம் பாகம் வந்தது 2011இல்; ஆறாவதுக்கு வாசகர்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அதைச் சொல்லாமல் ஒருவர் கையில் கொடுப்பது நியாயமே இல்லை. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதை வேறு. 1954, 55இல் மூன்று புத்தகங்களாக வெளியானாலும் அது ஒரே நாவலாக எழுதப்பட்டது. தனித்தனியே மதிப்பெண் போட்டால், தொடக்கமும் முடிவும் இல்லாத நடுப் புத்தகம் வீணாக அடி வாங்கும்.

மதிப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் முக்கியம். நான்கே பேர் முழு ஐந்து கொடுத்த நாவல், இருநூறு பேர் சராசரியாக 4.2 கொடுத்த நாவலை முந்தக் கூடாது. ஒவ்வொரு நூலுக்கும் 3.5 மதிப்பெண்ணில் பத்துக் கற்பனை வாக்குகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் முதல் நாவல் 3.93க்கு இறங்கிவிடும், இரண்டாவது 4.17இல் நிற்கும். பாதிப் பேர் ஐந்தும் பாதிப் பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி மூன்றுதான், எல்லோரும் மூன்று போட்டாலும் மூன்றுதான். இந்த வகையில் துணிச்சலான நாவல்கள் பலவும் அப்படி ஐந்தும் ஒன்றுமாக வாசகர்களைப் பிரிப்பவை. சராசரியை மட்டும் பார்த்து அவற்றை ஒதுக்குவது பெரிய இழப்பு.

பரிந்துரை கேட்பவரிடம் கடைசியாகப் பிடித்த மூன்று நாவல்களைக் கேட்பது வழக்கம். பாதியில் வைத்த நாவல் எது, எந்த இடத்தில் வைத்தார் என்று கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் ஐம்பது பக்கங்களில் விட்டவர் பெரும்பாலும் புதுப் பெயர்களிலும் விளக்கம் இல்லாத சொற்களிலும் திணறியிருப்பார். அவருக்கு நம் உலகத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றிப் பார்க்கும் நாவலைக் கொடுக்கலாம். பாதிக்கு மேல் விட்டவரின் குறை வேறு. கற்பனை அவருக்குப் பிடித்திருக்கும், பாத்திரங்கள் மனதில் ஒட்டியிருக்காது. இருவருக்கும் ஒரே நூலை நீட்டினால் ஒருவராவது பாதியில் வைப்பார்.

எந்த வரிசையில் படிப்பது என்பதையும் போடுங்கள். ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நூலாக வந்தது 1951இல். அதற்கு முந்தைய காலத்தைச் சொல்லும் ‘ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்’ 1988இல்தான் வந்தது. கதைக்காலப்படி அதுதான் முதலில் என்று அதிலிருந்து தொடங்குபவருக்கு, அசிமோவின் முந்தைய நாவல்களைப் படித்தவர்களுக்காக வைத்த திருப்பம் வெறும் தகவலாகக் கடந்துபோகும். வெளிவந்த வரிசையே பாதுகாப்பானது.

கதைச் சுருக்கத்தை நாவலின் முதல் கால் பகுதியோடு நிறுத்திவிடுங்கள். அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்பதை வாசகர் தானாகக் கண்டுபிடிப்பதுதான் இந்த வகை நாவலின் பாதிச் சுகம். அண்மையில் நம் பக்கத்தில் வந்த சில அறிமுகங்கள் அதைப் பின்னட்டை வாசகத்துக்கும் மேலாக உடைத்துவிட்டன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்